மஞ்சள் துணி கட்டிய வேம்பு

1

போன முறை இந்த ஊர் நூலகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அடுத்து இங்குள்ள ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதற்குள் புயல் வந்துவிட்டது. ஆகவே மரங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் இது இந்த ஊர் மரத்தோடு நிற்காது என்று தெரிந்தது. படிப்பவர்களில் திருவண்ணாமலைக்காரர்கள் இருந்தால், இது முக்கியமாக உங்களுக்கு.

என் மகன் சேகரின் வீடு டெக்சாஸில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. காற்று ஓர் இரவு முழுக்க அடித்தது. காலையில் கதவைத் திறந்தால் தெருவில் இலைதான் தரை. வீட்டு வாசலில் நிற்கும் ஓக் மரம் விழவில்லை, சாய்ந்திருந்தது. சேகரும் மருமகளும் படுக்கும் அறைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இங்கே இதற்கு விதிகள் உண்டு. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் புல்தரை நகரத்துடையது. அதில் நிற்கும் மரம் ஆபத்தானால் நகரம் வெட்டும். அதற்கு உள்ளே நிற்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் வெட்டாவிட்டால் நகரம் வெட்டிவிட்டு அவரிடம் செலவை வாங்கிக்கொள்ளும். கிளைகளைத் தனியாக, உடைந்த வேலிப் பலகைகளைத் தனியாக, கெட்டுப்போன குளிர்பெட்டியைத் தனியாகச் சாலை ஓரத்தில் வைக்க வேண்டும். கலந்து வைத்தால் எடுக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஆபத்தான மரம் ஆட்சேபணைக்காகக் காத்திருக்காது. கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போன தாளில் இப்படித்தான் போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் நான் பலமுறை படித்தேன்.

மரத்தைப் பார்க்க நகரத்திலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். மரத்தைச் சுற்றி நடந்தாள். வேர்ப்பக்கம் மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவை எடுத்து மரத்தின் இடுப்பைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டாள்.

வராந்தாவில் நின்றுகொண்டிருந்த நான் செருப்பைக் கழற்றினேன். கழற்றியதே எனக்குத் தெரியவில்லை. ஈரப் பலகை உள்ளங்காலில் பட்ட பிறகுதான் தெரிந்தது.

சேகர் பார்த்துவிட்டான். "என்னப்பா?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

பிறகு அந்தப் பெண்ணிடம், மரத்தை அகற்றுவதற்கான ஒப்புதல் உரிய அதிகாரியால் வழங்கப்பட்டுவிட்டதா என்று கேட்டேன். நான் கற்ற ஆங்கிலம் கோப்புகளில் எழுதும் ஆங்கிலம். வாயால் பேச அது உதவுவதில்லை. அவள் என் மகனைப் பார்த்தாள். அவன் கொஞ்சம் கூச்சத்தோடு அதை அவர்கள் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னான். அவள் என் பக்கம் திரும்பி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். இது விழப்போகிறது, அதனால் வெட்டுகிறோம் என்றாள்.

அவ்வளவுதான் விதி. எங்கள் விதியும் அதுதான். நான் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

2

எழுபதுகளில் நான் திருவண்ணாமலையில் பொறியாளராக இருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. குற்றம் அலுவலகத்துடையது அல்ல. சாலையோர மரங்கள் என் பொறுப்பில் இருந்தன என்று தெரிந்தால் போதும்.

செங்கம் சாலையில் ஒரு பெரிய வேம்பு நின்றது. அதன் அடியில் பாட்சா பாயின் வாடகை சைக்கிள் கடை. தகரக் கூரை, பின்னால் ஓர் அறை வீடு. அவரும் மனைவி ஜமீலாவும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். அவர் குடும்பம் நாலைந்து தலைமுறையாக ஊரில் இருப்பது. நான் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிற ஆள். டயரில் காற்று இறங்கினால் அங்கேதான் நிறுத்துவேன். அப்படிப் பழக்கம்.

அந்த மரத்துக்கு இரண்டு தொல்லை இருந்தது. ஆடு வளர்ப்பவர்கள் தழைக்காகக் கிளைகளை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். மொட்டையாகிவிடும் போலிருந்தது. இன்னொன்று, பஸ்ஸிலிருந்து இறங்கும் ஆண்களெல்லாம் அதன் அடியில் ஒதுங்கினார்கள். மழைக்காலத்தில் பாயின் கடையில் உட்கார முடியாது. நான் "சிறுநீர் கழிக்காதீர்" என்று பலகை எழுதி மாட்டினேன். பலகையின் மேலேயே போனார்கள்.

"போர்டெல்லாம் படிச்சவனுக்கு சார்" என்றார் பாய். "இவனுங்களுக்கு அம்மனே வந்து நின்னாதான் அடங்குவானுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. என் கீழே வேலை பார்த்த மேஸ்திரி முனுசாமியைக் கூப்பிட்டு மஞ்சள் பொடியும் குங்குமமும் ஒரு முழம் துணியும் வாங்கிவரச் சொன்னேன். அவன் மரத்தின் இடுப்பு உயரத்துக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, துணியைச் சுற்றிக் கட்டினான்.

"சூலம் ஒண்ணு இருந்தா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார் பாய்.

அவரே செய்தார். பழைய சைக்கிளின் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் கவை, ஒன்று கடையில் கிடந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பி, நடுவில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, முனைகளை அரத்தால் கூராக்கி, வெள்ளி பெயிண்ட் அடித்தார். நட்டு வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். அச்சு அசலாக இருந்தது.

அன்றோடு வெட்டுவதும் ஒதுங்குவதும் நின்றன. என் வேலை வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் பலன் தந்த உத்தரவு வேறு ஒன்றும் இல்லை.

3

ஓர் ஆடி மாதத்தில் யாரோ கூழ் ஊற்றினார்கள். பூ விற்கும் அஞ்சலை என்ற பெண்மணி அதன் அடியில் கூடையை வைத்து உட்கார்ந்தாள். காலையும் மாலையும் விளக்கு வைத்தாள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மனுக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. அதை நாங்கள் வைக்கவில்லை.

பாய்க்கு இதில் பெரிய வேடிக்கை. நான் டயருக்குக் காற்றடிக்க நிற்கும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வார். "நம்ம ரெண்டு பேரும் பெத்த பொண்ணு சார் இது. இன்னா வளத்தி பாருங்க."

"உமக்கு என்ன பாய், கடைக்கு முன்னாடி கூட்டம்."

"அத கேக்காதீங்க. சாமி கும்பிட வர்றவன் சைக்கிள சாத்திட்டுப் போறான். எடத்துக்கு வாடக கேட்டா சாமி குத்தம்ன்றான்."

இரண்டு பேரும் சிரிப்போம். முனுசாமி சிரிக்க மாட்டான். அவன் மட்டும் அந்த வழியாகப் போகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வான். "கட்டினவன் நீதானேடா" என்று ஒருமுறை கேட்டேன். "கட்டினது நான்தான் சார். வந்து உக்காந்தது அவ" என்றான்.

என் மனைவி மரகதத்துக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. முதலில் விளையாட்டு என்பதால் சொல்லவில்லை. பிறகு அவள் வெள்ளிக்கிழமைகளில் அங்கே போக ஆரம்பித்துவிட்டதால் சொல்லவில்லை. சேகர் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தான். ஒரு வருடம் எங்கும் கிடைக்கவில்லை. அவள் அந்த மரத்தில் மஞ்சள் கயிறு கட்டி வேண்டிக்கொண்டாள். கட்டிய வாரத்தில் இடம் கிடைத்துக் கடிதம் வந்தது.

அன்று மாலை நான் தனியாக அந்த வழியாகப் போனேன். சைக்கிளை விட்டு இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். கும்பிட்டேன்.

பாய் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மட்டும் அவர் கேலி செய்யவில்லை. "தம்பிக்குக் கெடச்சிடுச்சாமே, சந்தோஷம் சார்" என்றார்.

4

இதை இங்கே, சமையலறை மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மருமகள் வேலைக்குப் போய்விட்டாள். பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல் பாக்கி இருக்கிறது, "தாத்தா". அதையும் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கிழவரையும் அப்படிக் கூப்பிடலாம் என்று ஒருநாள் சொல்லிக் கொடுத்தேன். அவரிடம் கேட்டுவிட்டு வந்து, அவர் பெயர் அது இல்லையாம் என்றாள்.

சேகர் காய்ச்சல் வந்தால் தமிழில் பேசுகிறான். கோபம் வந்தால் பேசுகிறான். மற்ற நேரங்களில் எனக்காகச் சில வாக்கியங்களைத் தயாராக வைத்திருக்கிறான். "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ஹீட்டர் ஜாஸ்தியா இருக்கா." நான் அவற்றுக்குரிய பதில்களைத் தயாராக வைத்திருக்கிறேன்.

ஜன்னல் வழியாக மஞ்சள் நாடா தெரிகிறது. அதன் நுனி காற்றில் ஆடுகிறது. மரம் சாய்ந்திருக்கும் அந்த அறையில் மகனும் மருமகளும் இப்போது படுப்பதில்லை. தாளில் அப்படிச் சொல்லியிருக்கிறது. மரம் வெட்டப்படும்வரை கூடத்தில் படுக்கிறார்கள்.

5

சேகருக்கு இடம் கிடைத்த அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் எங்கள் ஊரில் புயல் அடித்தது. நிறைய மரங்கள் விழுந்தன. வேம்பு விழவில்லை. பாயின் கூரைப் பக்கமாகச் சாய்ந்தது. சாலைப் பக்கம் வேர் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்திருந்தது. அஞ்சலை அந்தப் பிளவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி மூடியிருந்தாள்.

விழுந்த மரத்தை உடனே அறுக்கலாம். நிற்கும் மரத்தை அப்படி அறுக்க முடியாது. அதற்கு விலை மதிப்பிட்டு, தண்டோரா போட்டு, ஏலம் விட வேண்டும். எடுத்தவர் வெட்டிக்கொண்டு போவார். நான் ஏலம் விட்டேன். விறகுக் கடைக்காரர்கள் வந்தார்கள். மரத்தைப் பார்த்தார்கள். கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மறு ஏலத்துக்கு அவர்களும் வரவில்லை. வேலூரில் இருந்த மேல் அலுவலகத்துக்கு எழுதினேன். மரத்தை வெட்டினால் வருடாந்திர வேப்பங்கொட்டை ஏலத்தில் இழப்பு ஏற்படுமா என்று கேட்டு எழுதினார்கள். ஏற்படாது என்று எழுதினேன்.

இது எல்லாம் உண்மை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் பொறியாளர் தானே உத்தரவிட்டு வெட்டிவிட்டுப் பிறகு தெரிவிக்கலாம் என்றும் ஒரு விதி இருந்தது. அது எனக்கு மனப்பாடம்.

பாய் ஜமீலாவையும் பிள்ளைகளையும் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பகலில் கடையைத் திறந்து வைத்திருந்தார். தீபத்துக்குக் கூட்டம் வரும் நேரம், மூட முடியாது. கடையை நகர்த்தச் சொன்னேன். "எங்க வெக்கறதுன்னு நீங்க காட்டுங்க சார்" என்றார். நான் காட்டவில்லை.

ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"சார், ஊருக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஆடு தின்னாம இருக்க நான்தான் துணி கட்டச் சொன்னேன்னு."

"சொன்னா நம்புவாங்களா பாய்?"

"நீங்க சொன்னா நம்புவாங்க. திட்டுவாங்க. ரெண்டு நாள் திட்டிட்டு வுட்டுடுவாங்க. அதே வார்த்தய நான் சொன்னா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியும்." கொஞ்சம் சிரித்தார். "சூலம் நான் செஞ்சதுன்றத மட்டும் வுட்டுடுங்க. அது எங்க போயி முடியுமோ."

"ஒரு வாரம் பொறுங்க பாய்."

"சரி சார். நம்ம பொண்ணு, கொஞ்சம் பாத்து நில்லும்மான்னு சொல்லி வெக்கறேன்."

தெருக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். அம்மனிடமே கேட்டுவிடலாம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் மடித்து மரத்தடியில் போட வேண்டும். சிறு பெண் ஒருத்தி வந்து ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் வெட்டலாம். சிவப்பு வந்தால் கூடாது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் முனுசாமி என்னிடம் வந்தான். "சார், ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளயே வெச்சிடலாம். அஞ்சலகிட்ட பேசிட்டேன். மரம் அவ தலைக்கும் மேலதான கீது. ஒத்துக்குனா."

"சாமி விஷயத்துல பித்தலாட்டம் வேணாம்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தத் துணியைக் கட்டியவன் அவன், கட்டச் சொன்னவன் நான். அவன் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி சார்" என்றான்.

சிவப்பு வந்தது.

6

முனுசாமி விடவில்லை. "கீழ்பென்னாத்தூர்ல ரெண்டு பேரு கீறாங்க சார். அவங்களுக்கு இந்த அம்மனத் தெரியாது. ஒண்ணும் சொல்லாம இட்டாந்துடறேன். விடியறதுக்குள்ள துணிய அவுத்துட்டா வெறும் மரம்தான. நீங்க ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க."

"வேலூர்ல இருந்து பதில் வரட்டும்" என்றேன்.

வேலூர் பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை. இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். சேகருக்கு அப்போது மெட்ராஸில் விசா நேர்முகம் இருந்தது. ஜனவரியில் படிப்பில் சேர வேண்டும். அந்த மரத்தில் அவன் பெயரில் கட்டிய கயிறு இருந்தது. அந்தக் கயிற்றோடு மரத்தை வெட்டினால் விசா கிடைக்காது என்று பயந்தேன்.

நான் பி.இ. படித்தவன். அந்த அம்மன் ஒரு முழம் துணியாகவும் ஒரு சைக்கிள் ஃபோர்க்காகவும் இருந்ததைக் கண்ணால் பார்த்தவன். ஊர் ஏமாந்தது, அதில் தப்பில்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தே பயந்தவன் நான் ஒருவன்தான்.

தீபம் வந்தது, கூட்டம் வந்தது, மரம் நின்றது. விசாவும் கிடைத்தது. சேகர் தந்தி அடித்தான். மரகதம் மரத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தாள். முனுசாமி மறுபடி வந்து நின்றான். பையன் விமானம் ஏறட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று வாயால் சொன்னேன்.

பாயிடமும் அதையே சொன்னேன். அவர் "சரி சார்" என்றார். சவுக்குக் கம்பு ஒன்றை மரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார். தன் பொண்ணுக்கு ஊன்றுகோல் என்றார். நான் சிரித்தேன் என்றுதான் நினைவு.

மரம் விழுந்த அன்று காற்று இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முற்பகல். பாய் டயர் கழற்றிக்கொண்டிருந்தாராம். அலுவலகத்தில் எங்களுக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சொல்ல வந்தவன் சைக்கிளில் வந்தான். அது பாய் கடையின் வாடகை சைக்கிள்.

நான் போனபோது முனுசாமி ஆட்களோடு அறுத்துக்கொண்டிருந்தான். அன்று யாரும் பூ கேட்கவில்லை. அவரை வெளியே எடுத்துப் படுக்க வைத்தார்கள். கையில் டயர் நெம்பும் கம்பி இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. விழுந்த மரத்துக்கு ஏலம் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன்.

சில நாள் கழித்து மீனம்பாக்கம் போய் மகனை வழியனுப்பினேன். மாலை போட்டேன். ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

7

விசாரணை நடந்தது. என் கோப்பில் ஒரு குறையும் இல்லை. இயற்கைச் சீற்றம் என்று எழுதி முடித்தார்கள். முழு ஓய்வூதியத்தோடு வெளியே வந்தேன்.

ஊர் வேறு மாதிரி எழுதி முடித்தது. அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் சொல்லக் கேட்டேன். "பாய் வெட்டச் சொல்லி ஆபீஸ்ல போய் நின்னாராம். ஆத்தா சும்மா வுடுவாளா?" என் கையில் டீ டம்ளர் இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

அடிமரம் நின்றது. சூலம் நசுங்காமல் பக்கத்தில் நின்றது. அதுவே பெரிய அதிசயம் ஆகிவிட்டது. கடை இருந்த இடத்தையும் சேர்த்துச் சின்னதாக ஒரு கோயில் கட்டினார்கள். சாலைக்கு எவ்வளவு விட்டுக் கடைக்கால் எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். போய்க் காட்டினேன். பாய்க்குக் காட்டாத இடத்தை அவர்களுக்குக் காட்டினேன்.

ஜமீலா ஒருமுறை வந்தாள். வாணியம்பாடியில் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கடை எடமெல்லாம் வேணாம் சார். அந்தச் சூலத்த மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க."

யாராவது கேட்கிறார்களா என்று நான் வாசலைப் பார்த்தேன்.

"எங்க அடுப்பு பக்கத்துல உக்காந்துதான் அரம் போட்டாரு. புள்ளைங்க பாத்துச்சு. அவரு கைபட்டதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. கடையில இருந்ததெல்லாம் நசுங்கிப்போச்சு."

"பாக்கறேம்மா" என்றேன்.

"உங்களுக்கும் அவருக்கும்தான தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு போய்விட்டாள்.

நான் பார்க்கவில்லை. அந்தச் சூலம் யாருடையது என்று சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். மரகதம் போகும்வரை அந்தக் கோயிலுக்கு விளக்குப் போட்டாள். அவள் போன பிறகுதான் இங்கே வந்தேன்.

8

இதுவரை எழுதி வைத்திருந்தேன். முந்தாநாள் நகரத்து ஆட்கள் வந்தார்கள். ஒரு வண்டி கிளையைப் பிடித்தது, ஒருவன் அறுத்தான், இன்னொரு வண்டி அரைத்துத் தூளாக்கியது. காபி ஆறுவதற்குள் பாதி மரம் இல்லை. நாடாவை அவிழ்க்கவில்லை, அதோடு சேர்த்தே அறுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சேகர் அன்று விடுப்பில் இருந்தான். அவனிடம் சொன்னேன். துணி, சூலம், பூ, கயிறு, விசா, எல்லாம். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன்.

அவன் தமிழில் பேசினான்.

"எனக்கு அட்மிஷன் மார்க்குல கெடச்சதுப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அப்படி இருந்தீங்க?" ஜன்னல் பக்கம் திரும்பினான். "இப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அந்த ஆள் செத்ததுக்கு நானும் ஒரு காரணம்னா? பத்து வருஷமா நான் இங்க நிம்மதியா இருந்தேன்."

அதை நான் யோசித்திருக்கவில்லை. பாய்மேல் விழுந்தது போக மிச்சத்தை எடுத்து மகன்மேல் வைத்துவிட்டேன்.

அன்று முழுக்க, எனக்காகத் தயாராக வைத்திருக்கும் வாக்கியங்கள்கூட அவனிடமிருந்து வரவில்லை. நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "அவங்க பசங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "இதையெல்லாம் எங்கிட்ட சொன்னா போதாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதனால்தான் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதாமல் இதை முடித்து அனுப்புகிறேன்.

சூலத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம் என்றார் பாய். ஆனாலும் அதையும் எழுதிவிட்டேன், ஜமீலா அதைக் கேட்டதால். கேலிக்கு அவர் செய்தார் என்று யாராவது சொன்னால், செய்ய விட்டவன், நட்டுப் பார்த்து ரசித்தவன் நான் என்று சொல்லுங்கள். கோபப்படுவதற்கு நான் இருக்கிறேன். முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

செங்கம் சாலையில் அந்தக் கோயில் இன்னும் இருக்கும். சூலத்தின் முனைகளில் எலுமிச்சம்பழம் குத்தியிருப்பார்கள். ஓரத்து இரண்டு பழங்களையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் விரல் நுழையாத ஒரு சிறு பிளவு இருக்கும். எவ்வளவு அரம் போட்டும் அது முழுதாகப் போகவில்லை என்று பாய் அப்போதே குறைப்பட்டார். சைக்கிள் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடம் அது. அஞ்சலை இருந்தால் அவளுக்குக் காட்டுங்கள். வாணியம்பாடியில் ஜமீலா எங்கே என்று தெரிந்தவர்கள் இருந்தால், அந்தச் சூலம் அவளுடையது. அதை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

நான் சொன்னால் நம்புவீர்கள் என்று பாய் சொன்னார்.